எஸ்.டி.பி. கேட்டால் என்ன செய்வது? தட்டணு டோனர் ஏற்பாட்டுக்கு முழு வழிகாட்டி

"பிளேட்லெட் ரொம்ப இறங்கிவிட்டது. நாளைக்கு எஸ்.டி.பி. ஏற்ற வேண்டும், டோனரைக் கூட்டி வாருங்கள்." பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் தட்டணு. எஸ்.டி.பி. என்பது ஒரே டோனரிடமிருந்து மெஷினில் எடுக்கும் தட்டணுப் பை. வார்டில் இப்படிச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் ஃபோனை எடுத்து, இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் செய்தி போட்டுவிடுவார்கள். அரை மணி நேரத்தில் முப்பது பேர் கூப்பிடுவார்கள். மறுநாள் சாயங்காலம் வரை ஒருவர்கூட மெஷினில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

நம் ஊரில் டோனருக்குப் பஞ்சம் இல்லை. வேலைகள் முன்பின்னாக நடப்பதால்தான் இப்படி ஆகிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) சிகிச்சை நடந்தபோது நானும் இதே தப்பைச் செய்தேன். அப்புறம் சில வருடங்களாக மற்ற குடும்பங்களுக்கு டோனர் ஏற்பாட்டில் உதவி வருகிறேன். தடுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. ஏற்ற வேண்டுமா, எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் டாக்டரின் முடிவு. அந்த முடிவுக்குப் பிறகு உங்கள் கைக்கு வரும் வேலைகளை மட்டும் இங்கே வரிசைப்படி சொல்கிறேன்.

1. முதலில் சீட்டைக் கையில் வாங்குங்கள்

வாய்வார்த்தையை நம்பி ஓடாதீர்கள். ரத்த வங்கிக்கான கோரிக்கைப் படிவம் டாக்டர் கையெழுத்தோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண், வார்டு, நோய், ரத்தப் பிரிவு, என்ன வேண்டும், எத்தனை யூனிட், எப்போதைக்கு என்று எல்லாம் நிரப்பியிருக்கிறதா என அங்கேயே நின்று பாருங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ரத்த வங்கி திருப்பி அனுப்பும். இரவு பதினொரு மணிக்குக் கையெழுத்துக்காக டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

படிவத்தோடு நோயாளியின் ரத்த சாம்பிளும் போக வேண்டும். டியூபில் ஒட்டிய பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் "முத்துலட்சுமி", இன்னொன்றில் "முத்துலெட்சுமி" என்றிருந்தால் சாம்பிளைத் திரும்ப எடுத்து வரச் சொல்வார்கள். கெடுபிடி என்று கோபப்படாதீர்கள். ஆள் மாறி ரத்தம் ஏறினால் உயிர் போகும். பெரும்பாலும் அது இந்த லேபிளில்தான் ஆரம்பிக்கிறது.

ரத்தப் பிரிவை "எங்களுக்குத் தெரியும், ஓ பாசிட்டிவ்" என்று நீங்களாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பழைய லைசென்ஸில் இருந்த பிரிவை நம்பி ஒரு நாள் முழுக்க தப்பான பிரிவு டோனரைத் தேடிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

2. ஆர்.டி.பி.யா, எஸ்.டி.பி.யா என்று கேளுங்கள்

இரண்டும் தட்டணுதான், எடுக்கும் விதம் வேறு. ஆர்.டி.பி. என்பது வழக்கமாக ரத்தம் கொடுக்கும்போது வரும் 350 அல்லது 450 மில்லி பையிலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு பையில் 50 முதல் 70 மில்லி இருக்கும். பெரியவர் ஒருவருக்கு இதை ஏற்றினால் கவுன்ட் (தட்டணு எண்ணிக்கை) சுமார் 5,000 முதல் 10,000 வரை ஏறும். எஸ்.டி.பி. என்பது ஒரே டோனரை மெஷினில் உட்காரவைத்து, தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவருக்கே திருப்பி ஏற்றுவது. பையில் 200 முதல் 300 மில்லி வரும், கவுன்ட் சுமார் 30,000 முதல் 60,000 வரை ஏறும். ஒரு எஸ்.டி.பி. ஏறக்குறைய ஆறு ஆர்.டி.பி.க்குச் சமம்.

அப்படியானால் ஆறு ஆர்.டி.பி. போட்டால் போதாதா? சில நேரம் போதும். அவசரத்துக்கு அலமாரியில் தயாராக இருப்பது அதுதான், விலையும் குறைவு. ஆனால் ஆறு பை என்றால் ஆறு பேருடைய ரத்தம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு வாரக்கணக்கில் ஏற்ற வேண்டி வரும்போது, இத்தனை பேர் ரத்தமும் சேர்ந்தால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு எதை ஏற்றினாலும் கவுன்ட் ஏறாமல் போகலாம். அதனால்தான் அவர்களுக்கு எஸ்.டி.பி. கேட்கிறார்கள்.

டெங்குவில் கவுன்ட் இறங்கியதாலேயே தட்டணு ஏற்றிவிடுவதில்லை. ரத்தக்கசிவு இல்லாவிட்டால் பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் யோசிப்பார்கள். டெங்குவில் பெரிய ஆபத்து ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது, அதற்கு வைத்தியம் சலைன். கவுன்ட் 40,000 என்றதும் டோனரோடு வந்து நின்று "ஏன் ஏற்றவில்லை" என்று டாக்டரிடம் சண்டை போடும் சொந்தக்காரர் எல்லா வார்டிலும் ஒருவர் இருக்கிறார். அவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

3. சொந்தத் தம்பியைக் கூப்பிடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றால் அண்ணன்தான் முதலில் கையை நீட்டுவார். பாசம்தான், ஆனால் லுகேமியா, ஏப்ளாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உண்டாக்காத நோய்) போன்ற நோய்களில் அது கெடுதலாக முடியலாம்.

பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டால், மஜ்ஜை பொருந்த அதிக வாய்ப்பு கூடப் பிறந்தவர்களிடம்தான். அவர்கள் ரத்தத்தை இப்போதே ஏற்றினால் நோயாளியின் உடல் அதற்கு எதிராகப் பழகிக்கொள்ளும். நாளை அதே அண்ணனின் மஜ்ஜையை வைக்கும்போது ஏற்க மறுக்கலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாது. அவை உள்ளே தங்கிப் பெருகி நோயாளியின் உடலையே தாக்கலாம். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பிழைப்பது கடினம். அதைத் தடுக்க பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தருவார்கள், அந்த வசதி எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது.

ஆகவே அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரை டோனர் பட்டியலில் எழுதாதீர்கள், டாக்டரே சரி என்று சொன்னால் ஒழிய. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். டோனரைக் கூட்டி வருவதும் சாப்பாடு வாங்கித் தருவதும் சின்ன வேலை இல்லை. மச்சான், நண்பர்கள், ஆபீஸ் ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று வெளியே தேடுங்கள். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சகஜம் என்பதால் மச்சானே ரத்த சொந்தமாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. ரத்த வங்கியிடம் பேசிவிட்டு டோனரிடம் பேசுங்கள்

எல்லா ரத்த வங்கியிலும் தட்டணு எடுக்கும் மெஷின் இல்லை. இருக்கும் இடத்திலும் இரவில் இயக்க ஆள் இருக்காமல் போகலாம். முதலில் அங்கே போய் அல்லது ஃபோனில் கேளுங்கள்: மெஷின் ஓடுகிறதா, கிட் (மெஷினில் மாட்டும் குழாய், பைத் தொகுப்பு) இருக்கிறதா, எத்தனை மணிக்குள் டோனர் வர வேண்டும், வெளி ஆஸ்பத்திரி நோயாளிக்கு எடுத்துத் தருவார்களா, அதே பிரிவு கட்டாயமா, கட்டணம் எவ்வளவு.

பிரிவு பற்றிய கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காது. ஒரே பிரிவாக இருந்தால் நல்லது. எஸ்.டி.பி. பையில் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) நிறைய இருக்கிறது. ஓ பிரிவு டோனரின் பிளாஸ்மாவில் ஏ, பி அணுக்களுக்கு எதிரான பொருள் வலுவாக இருந்தால், ஏ பிரிவு நோயாளியின் சிவப்பணுக்களை உடைக்கும். "ஓ எல்லோருக்கும் கொடுக்கலாமே" என்பது சிவப்பணுவுக்குச் சொன்னது, தட்டணுவுக்கு அப்படியே பொருந்தாது. வேறு வழியில்லாதபோது மாற்றுப் பிரிவைத் தருவது ரத்த வங்கி மருத்துவரின் முடிவு.

ஏற்கெனவே தயாராக உள்ள பை எங்காவது இருக்கிறதா என்று ரத்த வங்கிகளின் இருப்பைக் காட்டும் அரசின் ஈ-ரக்தகோஷ் இணையதளத்தில் மாவட்டம், பிரிவு, வகை கொடுத்துத் தேடலாம். இருப்பு காட்டினாலும் ஃபோனில் உறுதி செய்த பிறகே கிளம்புங்கள். தட்டணுவின் ஆயுள் எடுத்த நாளிலிருந்து 5 நாள்தான். காலையில் காட்டியது மத்தியானம் போயிருக்கும்.

கட்டணம் ரத்தத்துக்கு இல்லை, பரிசோதனைக்கும் பதப்படுத்துவதற்கும்தான். எஸ்.டி.பி.க்கு ஆயிரக்கணக்கில் ஆவதற்குக் காரணம், ஒருமுறை மட்டும் பயன்படும் அந்த கிட். காப்பீடு இருந்தால் இதில் எவ்வளவு கிடைக்கும் என்று முன்பே கேட்டு வையுங்கள். வாசலில் நின்று "டோனர் இருக்கிறார், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் ஒதுங்கிப் போங்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். காசுக்காகக் கொடுப்பவர் தன் நோயை மறைப்பார், தொற்று வந்த புதிதில் எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது.

5. டோனரை ஃபோனிலேயே வடிகட்டுங்கள்

பத்துப் பேரை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினால், அந்த எட்டுப் பேரும் அடுத்த முறை வர மாட்டார்கள். கூப்பிடுபவரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

வயது 18 முதல் 60க்குள், எடை 50 கிலோவுக்கு மேல். சாதாரண ரத்ததானத்துக்கு 45 கிலோ போதும் என்பதால் பலர் இதில் குழம்புகிறார்கள். ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. தட்டணு 1,50,000க்கு மேல் இருக்க வேண்டும், அது அங்கே போய்த்தான் தெரியும்.

கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார்? முழு ரத்தம் கொடுத்திருந்தால் 28 நாள் ஆகியிருக்க வேண்டும். தட்டணு மட்டும் கொடுத்திருந்தால் 48 மணி நேரம் போதும், வாரத்துக்கு இரண்டு முறைக்கும் வருடத்துக்கு 24 முறைக்கும் மேல் கூடாது. சில ரத்த வங்கிகள் இதைவிட அதிக இடைவெளி கேட்கும்.

மாத்திரை ஏதாவது போட்டாரா? இதை இரண்டு முறை கேளுங்கள். ஆஸ்பிரின் போட்டால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அது தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்கிறது, அந்தத் தட்டணுவை ஏற்றியும் கசிவு நிற்காது. மற்ற வலி மாத்திரைகளையும் பெயரோடு ரத்த வங்கியில் சொல்லச் சொல்லுங்கள். கோவையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்த ஒரு பையன், கால் வலிக்கிறது என்று வழியில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை. எட்டு மணி நேரப் பயணம் வீண்.

பச்சை குத்தியது, நாய் கடித்து ஊசி போட்டது என்றால் ஒரு வருடம். டெங்கு, சிக்குன்குனியா வந்து குணமாகி ஆறு மாதம். டைபாய்டு என்றால் ஒரு வருடம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வேண்டாம். பலமுறை கருவுற்ற பெண்களிடம் தட்டணு எடுக்கச் சில இடங்களில் தயங்குவார்கள். அவர்கள் பிளாஸ்மாவில் உள்ள எதிர்ப்பொருள் நோயாளியின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதுதான் காரணம்.

கடைசியாக, முழங்கை மடிப்பில் நரம்பு நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊசி அங்கேயே இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, நரம்பு மெலிதாக இருக்கிறது என்று திரும்பிப் போனவர்கள் நிறைய.

6. செய்தியைத் தேதியோடு எழுதுங்கள்

போன வருடச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதையும், நோயாளி இறந்து மாதங்கள் ஆன வீட்டுக்கு "டோனர் வேண்டுமா" என்று ஃபோன் வருவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தேதி இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். இப்படி எழுதினால் போதும்:

"பி பாசிட்டிவ் எஸ்.டி.பி. (தட்டணு மட்டும்) டோனர் 2 பேர் தேவை. இடம்: ஆஸ்பத்திரி பெயர், ரத்த வங்கி எந்த மாடி. வர வேண்டிய நேரம்: தேதி, காலை 9 மணி. மொத்தம் 4 மணி நேரம் ஆகும். 50 கிலோவுக்கு மேல், 28 நாளுக்குள் ரத்தம் கொடுக்காதவர். தொடர்புக்கு: ஒரே ஒரு எண். இந்தத் தேதிக்குப் பின் பகிர வேண்டாம்."

நான்கு மணி நேரம் என்பதை மறைக்காதீர்கள். பத்து நிமிட வேலை என்று நினைத்து வந்தவர் பாதியில் எழுந்து போவார். நோயாளியின் புகைப்படமும் நோயின் பெயரும் தேவையில்லை. நாளை குணமாகி வேலைக்குப் போகும்போது அந்தப் படம் அவருக்கு முன்னால் அங்கே போயிருக்கும். ஆள் கிடைத்ததும் அதே குரூப்புகளில் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று போடுங்கள்.

7. முந்தின இரவும் அன்று காலையும்

டோனர் ராத்திரி பரோட்டா, பிரியாணி சாப்பிடக் கூடாது. முதன்முதலில் இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். அப்புறம் ஒருநாள் டெக்னீஷியன் சுழற்றி எடுத்த டியூபைத் தூக்கிக் காட்டினார். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டிய பிளாஸ்மா, தண்ணீர் கலக்காத பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. முந்தின ராத்திரி கடையில் நான்கு பரோட்டாவும் சால்னாவும். கொழுப்பு கலந்த அந்தப் பிளாஸ்மாவில் பரிசோதனை முடிவு தப்பாக வரலாம், மெஷினும் தட்டணுவைச் சரியாகப் பிரிக்காது. டோனரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, மயக்கம் வரும். காலையில் இட்லி, இடியாப்பம் மாதிரி எண்ணெய் இல்லாததாகச் சாப்பிடட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். முந்தின நாள் மது கூடாது, தூக்கம் கெடக் கூடாது. கை தளர்வான சட்டை போட்டு, அடையாள அட்டையோடு வரட்டும். மெஷினில் உட்காரும் முன் கழிவறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஊசி ஏறிய பிறகு எழுந்திருக்க முடியாது.

8. ரத்த வங்கியில் நடப்பது

முதலில் படிவம், எடை, ரத்த அழுத்தம், நரம்புப் பரிசோதனை. பிறகு சாம்பிள் எடுப்பார்கள். சாதாரண ரத்ததானத்தில் எடுத்த பிறகு பரிசோதிப்பார்கள். இங்கே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், மலேரியா எல்லாம் பார்த்து முடிவு வந்த பிறகுதான் மெஷினில் உட்காரவைப்பார்கள். கிட்டைப் பிரித்துவிட்டால் செலவு செலவுதான் என்பது ஒரு காரணம், பையைக் காக்கவைக்காமல் உடனே ஏற்றலாம் என்பது இன்னொன்று. இந்தக் காத்திருப்பு இரண்டு மூன்று மணி நேரம். டோனரைத் தனியாக விட்டுவிட்டு வார்டுக்கு ஓடிவிடாதீர்கள், கூட ஒருவர் இருக்க வேண்டும்.

ஒருவரை எடுக்க முடியாது என்று சொன்னால் ஏன் என்று துருவாதீர்கள். காரணம் அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலானது. அதற்காகத்தான் அதே நேரத்துக்கு இரண்டாவது ஆளையும் வரச்சொல்ல வேண்டும். "நீங்கள் மாற்று ஆள், தேவைப்படாமலும் போகலாம்" என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மெஷினில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலில் உள்ள கால்சியத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும். நம் ஆட்கள் வீரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உடனே சொல்லச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள், மெஷின் வேகத்தைக் குறைப்பார்கள், சரியாகிவிடும். கொடுத்த தட்டணு இரண்டு மூன்று நாளில் ஊறிவிடும்.

9. பையை ஐஸில் வைக்காதீர்கள்

ரத்த வங்கி வேறு இடத்தில் இருந்தால் பையை நீங்கள் எடுத்துவர வேண்டி வரும். சிவப்பணுப் பையைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுவர வேண்டும். தட்டணு நேர் எதிர், 20 முதல் 24 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர் பட்டால் தட்டணு உருமாறிவிடும், ஏற்றிய கொஞ்ச நேரத்தில் உடல் அதைத் துடைத்து எடுத்துவிடும்.

ஒரு பெரியவர் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு, நடுவே எஸ்.டி.பி. பையைப் புதைத்து, பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தார். அவ்வளவு கவனமாக! நல்ல தட்டணுப் பையை வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாகச் சாய்த்தால் உள்ளே புகை சுழல்வது போல மினுமினுக்கும். அதில் எந்த அசைவும் இல்லை. திரும்ப முதலிலிருந்து டோனர் தேட வேண்டியதாயிற்று.

ரத்த வங்கி என்ன பெட்டி தருகிறதோ அதிலேயே, வெயில் படாமல், நேரே வார்டுக்கு வாருங்கள். வழியில் டீக்கடை வேண்டாம். வார்டு ஃப்ரிட்ஜில் யாராவது வைக்கப் போனால் தடுத்துக் கேளுங்கள்.

10. ஏற்றும்போது பக்கத்தில் இருங்கள்

பையில் உள்ள பெயர், பிரிவு, பை எண், காலாவதித் தேதி ஆகியவற்றை நர்ஸ் சரிபார்ப்பார். நீங்களும் கூடவே படியுங்கள். ஏற்ற வழக்கமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதல் 15 நிமிடம் நோயாளியின் முகத்தையே பாருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, மூச்சுத் திணறல், முதுகு வலி எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தட்டணுவைக் குளிரில் வைக்காததால் கிருமி வளர வாய்ப்பு மற்ற பைகளைவிட அதிகம். "லேசான காய்ச்சல்தானே" என்று பொறுத்திருக்க வேண்டாம்.

11. அடுத்த மூன்று வாரத்துக்கு நோட்டுப் போடுங்கள்

முதல் பை ஏறியதும் எல்லோரும் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போவார்கள். ஏற்றிய தட்டணு மூன்று நான்கு நாள்தான் தாங்கும். கீமோ கொடுத்த 7 முதல் 14 நாளில் கவுன்ட் பொதுவாக அடிமட்டத்துக்குப் போகும். லுகேமியாவின் முதல் கட்ட சிகிச்சையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பைகூடத் தேவைப்படலாம். கவுன்ட் விழுந்த பிறகு ஆள் தேடினால் ஒவ்வொரு முறையும் இதே ஓட்டம்தான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எட்டுப் பத்து டோனர்களின் பெயர், பிரிவு, எந்தக் கிழமை வர முடியும், கடைசியாகக் கொடுத்த தேதி, எதனால் திருப்பி அனுப்பினார்கள் என்று பக்கத்துக்கு ஒருவராக எழுதுங்கள். எல்லோரையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். பட்டியலில் உள்ளவர்களிடம் "இந்த மாதம் தலைவர் பிறந்தநாள் முகாமில் முழு ரத்தம் கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லி வையுங்கள். அங்கே கொடுத்தால் உங்களுக்கு 28 நாள் கிடைக்க மாட்டார்.

ஒவ்வொரு பைக்குப் பிறகும் டாக்டர் எடுக்கும் கவுன்ட்டை அதே நோட்டில் டோனர் பெயருக்கு எதிரே குறியுங்கள். இரண்டு மூன்று முறை ஏற்றியும் கவுன்ட் அசையவில்லை என்றால் அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலா, மண்ணீரல் வீக்கமா, எதிர்ப்பொருளா என்று அவர் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள்தான் என்றால் கண்டவரைக் கூப்பிட்டுப் பயனில்லை, பொருத்தம் பார்த்து டோனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேடலும் இந்த நோட்டில் உள்ள பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.